குத்தகைக்குப் போகும் எழுத்து

திருக்கோணமலைச் சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் எவருக்கு, எத்தனை ஆண்டுக் குத்தகை என்று 2003ஆம் ஆண்டு தொட்டு வாதிட்டு வருகிறோம். 2022இல் 99 தாங்கிகளும் 14, 61, 24 எனக் கணக்கிட்டுப் பங்கிடப்பட்டன. துறைமுகத்து இரும்பின்பால் கொண்ட இவ்விழிப்பு நம் எழுத்தின்பால் எங்கே போயிற்று?

விலையின்றிக் கிடைப்பதெல்லாம் பொதுவுடைமை என்று கருதுவோர் நம்மிடையே உளர். யாஹூ குழுக்களும் விலையின்றியே கிடைத்தன. ஆயினும் உலகெங்கும் மக்கள் அங்கே எழுதிச் சேர்த்த மடல்கள் நிறுவனத்தின் ஒரு முடிவால் அழிக்கப்பட்டன; 2020 டிசம்பரில் குழுக்களும் மூடப்பட்டன. எழுதியவன் வாடகைக் குடியிருப்பாளன், சாவி முதலாளியிடம்!

இதற்கு மாற்று முன்னரே இருந்தது. மின்னஞ்சல் தொகுப்புகளை இணையப் பக்கங்களாக்கும் 'மோனார்க்' என்னும் மென்பொருளை ஏர்ல் ஹூட் 1994ஆம் ஆண்டளவில் ஆக்கி, குனூ பொது உரிமத்தின்கீழ் வழங்கினார். அதனை எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பரப்பலாம். திருத்திப் பரப்புவோர் அதே உரிமையைப் பிறருக்கும் அளித்தல் வேண்டும். பொதுச் சொத்தைத் தனிச் சொத்தாக்கவிடாத வேலி அந்நிபந்தனையே.

ஆசிரியர்களே, மாணவர்களே! போரும் புலப்பெயர்வும் சிதறடித்த ஒரு மக்களுக்கு மடல்களே வரலாற்றுச் சான்று. அவற்றைச் சேமிக்கும் கருவியின் விலையைக் கேட்பதோடு நில்லாதீர். அதன் உரிமத்தை வாசியுங்கள். இலவசம் வேறு, உரிமை வேறு.