ஜிம்முக்கு வருஷ சந்தா கட்டுறதுக்கு முன்னாடி உங்க யுபிஐ ஹிஸ்டரியைப் பாருங்க

ஜிம்முக்கு மொத்தமா வருஷ சந்தா கட்டப் போறீங்களா? ஒரு மூணு மாசம் தள்ளிப் போடுங்க.

ஜிம்முக்கு நான் எதிரி இல்லை. தொடர்ந்து போறவங்களுக்கு அது நல்ல செலவுதான். ஆனா "14,000 ரூபாய் கட்டிட்டா போய்த்தானே ஆகணும்" என்ற கணக்குதான் தப்பு. கட்டி முடிச்ச, திரும்பி வராத பணத்துக்கு எங்க பாடத்தில் 'சங்க் காஸ்ட்'னு பேரு. அது உங்களைக் காலையில் 6 மணிக்கு எழுப்பி விடாது. மூணாவது வாரம் மழை வரும், நாலாவது வாரம் புராஜெக்ட் ரிலீஸ் வரும். சந்தா கட்டின எல்லாரும் ஒரே நாள்ல வந்து நின்னா உள்ளே இடம் இருக்காதுன்னு ஜிம் ஓனருக்கும் தெரியும்.

அதுக்குப் பதிலா இன்னைக்கு ஒரு வேலை செய்யுங்க. உங்க யுபிஐ ஆப்பில் கடைசி ஒரு மாச ஹிஸ்டரியைத் திறங்க. பேங்க் ஸ்டேட்மென்ட்டில் தேதிதான் தெரியும், இங்கே நேரமும் இருக்கும். சாப்பாட்டுச் செலவை மட்டும் எடுத்து, பக்கத்தில் நேரத்தைக் குறிச்சுக்கோங்க. மாலை 5 மணிக்கு டீ, பஜ்ஜி. ராத்திரி 10.20-க்கு பரோட்டா. 10.45-க்கு ஃப்ரைட் ரைஸ். வாரத்துக்கு 4 ராத்திரி, ஒரு ஆர்டர் 240 ரூபாய்னு வெச்சா வருஷத்துக்கு 49,920 ரூபாய். இந்தத் தொகையைப் பார்த்து அதிர்ச்சி ஆகிறவங்க அதிகம். எனக்கு அந்தத் தொகையை விட அந்த நேரம்தான் முக்கியமாத் தெரியுது.

கிளையன்ட் கால் முடிச்சு, பசி உச்சத்துல இருக்கும்போது யாரும் சுண்டல் ஆர்டர் பண்ண மாட்டாங்க. இதில் மன உறுதி இல்லைன்னு உங்களைத் திட்டிக்க ஒண்ணும் இல்லை. முடிவெடுக்கிற நேரம்தான் தப்பா இருக்கு. எஸ்ஐபி ஏன் வேலை செய்யுது? சம்பளம் வந்த கையோட 5-ஆம் தேதியே பணம் போயிடுது. 25-ஆம் தேதி உங்ககிட்ட யாரும் சம்மதம் கேட்கிறதில்லை. சாப்பாட்டையும் அப்படித்தான் பசிக்கு முன்னாடியே முடிவு பண்ணணும்.

சமையல்கட்டு இருக்கிறவங்களுக்கு இது சுலபம். வீட்டில் மாவு பாக்கெட்டும் முட்டையும் இருந்தா, டெலிவரி வர்ற நேரத்துக்குள்ள ரெண்டு தோசை, ஒரு ஆம்லெட் தயார். கஷ்டம், ஓஎம்ஆர் பக்கம் பிஜியில் இருக்கிறவங்களுக்குத்தான். நீங்க ஆபீஸ்ல இருந்து வர்றதுக்குள்ள மெஸ்ஸை மூடிடுறாங்க, ரூம்ல இன்டக்‌ஷன் வைக்க விடமாட்டாங்க. அதனால மதியமே ஒரு மெசேஜ் போட்டு, "அண்ணா, நாலு சப்பாத்தியும் குருமாவும் எடுத்து வைங்க"ன்னு சொல்லிடுங்க. ஒரு ஹாட் பாக்ஸ் வாங்கிக் கொடுத்துட்டா அவருக்கும் சிரமம் இல்லை. ஆபீஸ் டிராயர்ல வேர்க்கடலையும் வாழைப்பழமும் வைங்க. 5 மணிக்கு இது உள்ளே போயிட்டா, பஜ்ஜியும் குறையும், ராத்திரி 10 மணிப் பசியும் பாதியாகும். மெஸ்ஸில் சாதம் கொஞ்சம் கம்மியா, பொரியல் ரெண்டு மடங்கா கேளுங்க. கூச்சப்படாதீங்க, பணம் கொடுத்துதானே சாப்பிடுறீங்க! புரோட்டீன் பவுடர் டப்பா? முதல்ல தினமும் ரெண்டு முட்டை சாப்பிட்டுட்டு வாங்க, பேசலாம்.

உடற்பயிற்சிக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்றது வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷம் மிதமான பயிற்சி; கூடவே ரெண்டு நாள் தசைக்கு வேலை. 150 நிமிஷம்னா தினமும் 30 நிமிஷம் வீதம் 5 நாள் வேகநடை. நீங்க மியூட்ல உட்கார்ந்து கேட்டுக்கிட்டு மட்டும் இருக்கிற மீட்டிங் எத்தனை? அதில் ஒண்ணை நடந்துக்கிட்டே கேளுங்க. ராத்திரி சாப்பிட்டதும் 15 நிமிஷம் நடந்தா, சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுற சர்க்கரைக்கும் நல்லது. தசைக்கு ரூம்லயே தண்டால், உட்கார்ந்து எழுறது போதும். 12 வாரம் விடாம நடந்தவங்க ஜிம்ல சேருங்க, அதுவும் மாசாமாசம் கட்டி. வருஷ சந்தாவில் தள்ளுபடி கிடைக்கும்தான். போகாத மாசத்துக்குத் தள்ளுபடி எதுக்கு?

"ஆடிட்டர் எதுக்கு சார் இதெல்லாம் பேசுறீங்க?"ன்னு கேட்பீங்க. என்கிட்ட வரி தாக்கல் பண்ற ஒருத்தர், வயசு 33. வேலையை விட்டதும் ஆபீஸ் மெடிக்கல் பாலிசியும் முடிஞ்சுது. சொந்தமா எடுக்கப் போனா, ரத்த அழுத்தம், சர்க்கரை ரெண்டும் வந்தாச்சு. கூடுதல் பிரீமியம் கேட்டாங்க. ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலமும் உண்டு. இப்போதைய விதிப்படி அது 3 வருஷம் வரைக்கும் போகலாம். இத்தனைக்கும் அவர் மியூச்சுவல் ஃபண்டில் ஒரு மாசம்கூட எஸ்ஐபி தவறவிட்டவர் இல்லை. ஆபீஸ் பாலிசி இருக்கேன்னு இருக்காதீங்க. உடம்பு நல்லா இருக்கும்போதே சொந்தமா ஒண்ணு எடுங்க. படிவத்தில் இருக்கிறதை இருக்கிறபடி எழுதுங்க. மறைச்சா கிளெய்ம் நேரத்தில் மாட்டுவீங்க.

வருஷம் ஒரு தடவை சர்க்கரை, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம் பார்த்துடுங்க. பழைய வரிமுறையில் இருக்கிறவங்களுக்கு, 80டி-ன்னு நாம சொல்ற 25,000 ரூபாய் வரம்புக்குள்ளேயே, முன்கூட்டிய பரிசோதனைக்கு 5,000 வரை கழிவு உண்டு. இந்தப் பரிசோதனைக்கு மட்டும் ரொக்கமா கட்டினாலும் ஏத்துக்குவாங்க, ரசீதை எடுத்து வைங்க. புது வரிமுறையில் கழிவு கிடையாது. அதுக்காகத் தள்ளிப் போடாதீங்க, டெஸ்ட்டுக்கு ஆகிற செலவு உங்க நாலஞ்சு ராத்திரி ஆர்டர்தான்.