தப்பியதைக் கொண்டாடக் கூடாதா?

"எவர்டன் பெரிய கால்பந்து அணி என்பது பழங்கதை, கடைசி நாளில் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பியதையெல்லாம் கொண்டாடுவது வெட்கக்கேடு" என்கிறார்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன். 1987க்குப் பிறகு லீக் பட்டம் இல்லை, உண்மைதான். நிர்வாகத்தின் தவறுகளுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் அப்படி ஒரு கடைசி நாளான 1994 மே 7-ஐ நினைத்துப் பாருங்கள். அப்போதைய சொந்த மண்ணான கூடிசன் பார்க்கில் விம்பிள்டனிடம் 0-2 என்று பின்தங்கிய நிலை. எவர்டனின் ஸ்டூவர்ட் பெனால்டியில் ஒன்று போட்டார். பாரி ஹார்ன் வெகுதூரத்திலிருந்து விளாசிய பந்து வலைக்குள் பாய்ந்தது. கடைசிப் பத்து நிமிடத்துக்குள் ஸ்டூவர்ட்டே மூன்றாவதையும் உருட்டிவிட்டார். மறு ஆண்டே மான்செஸ்டர் யுனைடெட்டை வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பை. தப்பிக்காமல் அந்தக் கோப்பை ஏது?

பெருமை பேசும் யுனைடெட் 1974-இல் இறங்கியது, செல்சி 1988-இல். எவர்டன் 1954 முதல் உச்சப் பிரிவை விட்டு இறங்கவே இல்லை.