வெடிமருந்து ஒன்று, நீதி இரண்டா?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் ஆகிய பிரதேசங்களில் பட்டாசு ஆலைகள் வெடிப்பதும், ஏழை ஜனங்கள் கருகிச் சாவதும், மறுநாள் பெரிய மனிதர்கள் வந்து அனுதாபம் சொல்லுவதும், இன்ன தொகை உதவி என்று பத்திரிகைகளில் வெளியாவதும் வருஷந்தோறும் நடக்கும் ஒரு உற்சவம் போல் ஆகிவிட்டது வாசகர்கள் அறிந்ததேயாகும். 2012 செப்டம்பர் 5ந் தேதி முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12ந் தேதி அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் மாண்டார்கள். 2025 ஜூலை 1ந் தேதி சின்னக்காமன்பட்டியில் 9 பேர் மாண்டார்கள். நடுநடுவே ஒருவரும் இருவருமாகச் செத்தவர்களுக்குக் கணக்கு எழுத நமது பத்திரிகையில் இடம் போதாது.

இதற்குக் காரணம் கேட்டால் சிலர் 'தலைவிதி' என்கிறார்கள். சிலர் 'அம்மன் கோபம்' என்கிறார்கள். மருந்துக்கு ஜாதகமும் கிடையாது, கோபமும் கிடையாது. மணிமருந்தைச் செலுத்தும்போது உராய்ந்தால் பற்றும். அனுமதித்த அளவுக்கு மேல் மருந்தைக் குவித்தால் பலமாகப் பற்றும். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும் சாவார்கள். செய்த உருப்படிக்குத்தான் கூலி என்று வைத்துவிட்டு, பிறகு 'தொழிலாளி அவசரப்பட்டான், அஜாக்கிரதையாயிருந்தான்' என்று பழி சொல்லுவதில் என்ன யோக்கியதை இருக்கிறது? அவசரத்தைக் கூலியோடு சேர்த்துக் கொடுத்தவன் யார்?

நிற்க, இதே வெடிமருந்தைக் கையாளும் வேறொரு கூட்டத்தாரும் நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் பட்டாளத்துச் சிப்பாய்கள். அவர்களில் உரிய காலம் முழுதும் வேலை செய்து ஓய்வு பெற்றவர்களுக்குப் பென்ஷன் உண்டு. அவர்கள் க்ஷேமத்தைக் கவனிக்க மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உண்டு. டிசம்பர் 7ந் தேதி அவர்களுக்காகக் கொடி நாள் வசூலும் உண்டு. இதை நாம் குறை கூறவில்லை. நியாயம் என்றே சொல்லுகிறோம். அதுவும் அவர்களுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் என்பதற்காக அவர்கள் 40 வருஷத்துக்கு மேல் மன்றாடி, 2015ல் டில்லி ஜந்தர் மந்தரில் கிழப் பருவத்தில் போய் உட்கார்ந்த பிறகே, அவ்வருஷம் செப்டம்பர் 5ந் தேதி சர்க்கார் இணங்கியது. அது முதலிப்பட்டி எரிந்து சரியாக மூன்றாவது வருஷத்தின் அதே தேதி!

சிப்பாய்க்குப் பென்ஷன் கொடுப்பதன் தத்துவம் என்ன? பிறருக்காகத் தன் தேகத்தை அபாயத்தில் வைத்தவனை, தேகம் தளர்ந்த பிறகு தெருவில் விடக்கூடாது என்பதுதானே? அப்படியானால் ஊரார் ஒரு ராத்திரி வேடிக்கை பார்க்க முப்பது வருஷம் மருந்துப் பொடியில் மூச்சுவிட்ட கிழவியை மட்டும் தெருவில் விடலாமா? இ.எஸ்.ஐ. இருக்கிறதே, நலவாரியம் இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கிறது, ஏட்டில் பெயர் உள்ளவர்களுக்கு! உள்குத்தகை அறையில் உட்கார்ந்திருப்பவள் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? அச்சங்குளத்தில் மாண்டவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லிற்று. சின்னக்காமன்பட்டிக்கு மாகாண சர்க்கார் அறிவித்தது 4 லட்சம். ஆகவே ஏழை உயிருக்கு விலை, செத்த இடத்தையும் கேட்ட இடத்தையும் பொறுத்ததென்று ஏற்படுகிறதல்லவா?

இனி, காற்றைப்பற்றிய விவகாரத்தைப் பார்ப்போம். 2015ல் டில்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரால் அவர்கள் தகப்பனார்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2018 அக்டோபர் 23ந் தேதி கோர்ட்டு பேரியம் உப்பைத் தடுத்தது, சரவெடியைத் தடுத்தது, பசுமைப் பட்டாசு மட்டுமே செய்யலாமென்றது. குழந்தையின் நெஞ்சுக்கு நல்ல காற்று வேண்டுமென்பதை நாம் மனமார ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் அதையொட்டி ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது பட்டினி கிடந்தது டில்லிக் குழந்தையா, சிவகாசிக் குழந்தையா? டில்லிக்காரர் ஒரு பண்டிகைப் புகைக்குக் கோர்ட்டு ஏறினார்கள். நித்தியப் பொடியில் வேகும் பெண்ணின் நெஞ்சுக்காக யார் ஏறுவது? அவளுக்கு வக்கீல் கிடையாது. அவள் ஓட்டு வாங்கிப் போன சட்டசபை அங்கத்தினர்தான் உண்டு.

அந்த அங்கத்தினர் என்ன செய்யமுடியும், லைசென்சு மத்திய சர்க்கார் இலாகாவிடமும் மாவட்ட அதிகாரியிடமும் அல்லவா இருக்கிறது என்பார்கள். லைசென்சு என்ன செய்யும் என்பதை இந்த ஜில்லா ஏற்கெனவே கண்டிருக்கிறது. விருதுநகரும் சிவகாசியும் பழைய இராமநாதபுரம் ஜில்லாவில் இருந்த காலத்தில், ஜில்லா போர்டு தலைவராயிருந்த தோழர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்சு கிடையாது என்று உத்திரவு போட்டார். பஸ் முதலாளிகளின் மனம் மாறும் வரையில் அவர் காத்திருக்கவில்லை, உபதேசமும் செய்யவில்லை. லைசென்சில் கை வைத்தார். பஸ் கதவு திறந்தது. பஸ்ஸுக்குச் செல்லுபடியான நியாயம் பட்டாசு அறைக்கு ஏன் செல்லுபடியாகாது?

ஆதலால் நமது அங்கத்தினர்களை நாம் கேட்பது இவ்வளவே. உள்குத்தகை விட்டால் லைசென்சு போயிற்று என்று ஏற்பட வேண்டும். ஆலைச் சோதனை அறிக்கைகள் சட்டசபை மேஜைக்கு வரவேண்டும். ஒவ்வொரு அறையிலும் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பது, வேலை செய்பவர் படிக்கத்தக்க தமிழில் வாசலில் எழுதியிருக்க வேண்டும். பட்டாசுக்கு நூற்றுக்கு 18 வீதம் சரக்கு சேவை வரி வாங்குகிறார்கள். அதில் ஒரு பங்கை வருஷா வருஷம் வரவு செலவுத் திட்டத்தில் தனியாக ஒதுக்கி, மருந்தில் வேலை செய்து தளர்ந்தவர்களுக்குப் பென்ஷனும், சுவாச வைத்தியமும், கோர்ட்டு உத்திரவால் வேலை நின்ற நாட்களுக்குப் படியும் கொடுக்கவேண்டும். விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புக்கென 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் 5 கோடி ரூபாய் நிதி அறிவித்ததை வரவேற்கிறோம். ஆனால் தகப்பன் செத்தபின் பிள்ளைக்குப் புஸ்தகம் வாங்கிக் கொடுப்பதைவிட, தகப்பனே கொண்டுபோய்ப் பள்ளியில் விடும்படி செய்வது மேலான காரியமல்லவா?

'இப்படியெல்லாம் செய்தால் தொழில் அழிந்துபோகும்' என்று பயமுறுத்துவார்கள். ஆள் செத்தால்தான் நடக்கும் தொழில் எதுவானாலும், அதைத் தொழில் என்பதற்குப் பதில் வேறு பெயரால்தான் அழைக்கவேண்டும். வானம் பார்த்த கரிசல் பூமியில் இவ்வளவு பேருக்குக் கஞ்சி வார்க்கும் தொழில் அழியவேண்டுமென்பது நமது ஆசையல்ல. கஞ்சி குடிக்க உயிரோடு ஆள் இருக்கவேண்டுமென்பதே நமது கவலை.

அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில், அங்கத்தினர்கள் ஒருவரையொருவர் புகழ்ந்தது போக மிச்சமுள்ள நேரத்தில் இதைக் கேட்கிறார்களா என்று பார்ப்போம். கேட்காதவர்களை, அடுத்த தடவை ஓட்டுக்கு வரும்போது, 'எங்கள் அறைக்குள் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்' என்று தொழிலாளிகள் சொல்லட்டும்.