பெயரில் ‘சயனைடு’ இருக்கிறதே... வீட்டில் வைக்கலாமா?

‘‘ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், வயலில் உள்ள மூலிகைகளை வெயிலில் வைத்து நீலப் படம் எடுக்கப் போகிறாளாம். அதற்கு வாங்கச் சொன்ன மருந்தின் பெயரில் ‘சயனைடு’ என்று இருக்கிறது. பயமாக உள்ளது. செய்யலாமா?’’

- வாசகி, ஒட்டன்சத்திரம்.

தாராளமாகச் செய்யலாம். ஆனால், கடையில் டப்பாவின் பெயரை முழுதாகப் படித்து வாங்க வேண்டும். தேவைப்படுவது ‘பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு’. ஆரஞ்சு கலந்த சிவப்புப் படிகமாக இருக்கும். இதில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால் நஞ்சு குறைவு. வெள்ளையாக இருக்கும் ‘பொட்டாசியம் சயனைடு’ ஆளைக் கொல்லும், அது வேறு. ஃபெர்ரிசயனைடையும் கழிவறை கழுவும் ஆசிட், பேட்டரி ஆசிட் பக்கம் கொண்டு போகக் கூடாது. அடுப்பிலும் போடக் கூடாது. விஷ வாயு வரும். கையுறை அவசியம். சமையல் பாத்திரம் வேண்டாம்.

இந்த முறைக்கு சயனோடைப் என்று பெயர். 1842-ல் இங்கிலாந்தின் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். மறு ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளை இப்படிப் பதித்து, புத்தகமாக்கத் தொடங்கிவிட்டார்.

100 மி.லி தண்ணீரில் 25 கிராம் பச்சை நிற ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட். இன்னொரு 100 மி.லியில் 10 கிராம் ஃபெர்ரிசயனைடு. இரண்டையும் சம அளவு கலந்து, வெளிச்சம் குறைந்த அறையில் கெட்டித் தாளில் தடவி, இருட்டில் உலர்த்த வேண்டும். செடியைச் செய்தித்தாளுக்குள் வைத்து, கனம் ஏற்றி, சில நாள்கள் காய வைப்பது முக்கியம். ஈரம் இருந்தால் தாளில் கறை விழும். கீழாநெல்லி, முடக்கத்தான், அறுகம்புல் போன்ற மெல்லிய செடிகள் அழகாகப் பதியும். கற்றாழை வைத்தால் வெறும் நிழல்தான். தாள்மேல் செடியைப் பரப்பி, கண்ணாடியால் அழுத்தி, உச்சி வெயிலில் 10 முதல் 20 நிமிடங்கள் வைத்தால், தாள் சாம்பல் பூத்ததுபோல மாறும். பிறகு, மஞ்சள் நீர் நிற்கும்வரை அலச வேண்டும்.

காரத்தன்மை உள்ள போர்வெல் தண்ணீரும் சோப்பும் நீலத்தை வெளுக்க வைக்கும். மழைநீர் இருந்தால் நல்லது. அலசிய நீரைக் கிணற்றடியிலோ, மாட்டுத் தொட்டியிலோ, மீன் குளத்திலோ ஊற்றக் கூடாது.

படத்தின் ஓரத்தில் செடியின் பெயர், தேதி, எந்த வயல் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் பட்டு நிறம் மங்கினால், சில நாள்கள் பீரோவுக்குள் வைத்தால் போதும். நீலம் பெரும்பாலும் திரும்பிவிடும்.