கார் விலையில் ரூ.30 ஆயிரம் தள்ளுபடி! கணக்கு சரிதானா?

ஞாயிற்றுக்கிழமை காலை. மதுரையில் ஒரு கார் ஷோரூம். அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். குடும்பமே வந்து இறங்குகிறது.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் வாரா வாரம் நடக்கிற காட்சி.

பிள்ளைகள் சிவப்பு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். இறங்க மாட்டேன் என்கிறார்கள். உயரமான வண்டி. குண்டும் குழியுமான ரோட்டில் அடி தட்டாது. ஊருக்குப் போனால் ஐந்து பேரும் வசதியாக உட்காரலாம். "சின்ன எஸ்.யு.வி." என்று இதற்குப் பெயர். விலை ரூ.9 லட்சத்து 90 ஆயிரம்.

"எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று அப்பா கேட்கிறார்.

"உங்களுக்காக 30 ஆயிரம் குறைக்கிறேன் சார். மானேஜரிடம் சண்டை போட்டு வாங்கி வந்தேன்" என்கிறார் விற்பனை இளைஞர். "வரி குறைந்ததில் உங்களுக்கு 92 ஆயிரம் மிச்சம். ஆக மொத்தம் 1 லட்சத்து 22 ஆயிரம் லாபம்!"

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கை விடுகிறார்.

கொஞ்சம் பொறுங்கள்! அந்த 92 ஆயிரத்தைக் குறைத்தது யார்?

வரியைக் குறைத்தது சர்க்கார்

2025 செப்டம்பர் 22-ந் தேதி ஜி.எஸ்.டி. வரி மாறியது. அதற்கு முன்பு சின்ன பெட்ரோல் காருக்கு 28 சதவீத வரி. அதற்கு மேல் 1 சதவீதம் "செஸ்". ஆக 29. சின்ன டீசல் காருக்கு மொத்தம் 31. இப்போது இரண்டுக்கும் 18 சதவீதம்தான்.

எளிதாகச் சொல்கிறேன். வரி இல்லாத விலை 100 ரூபாய் என்று வையுங்கள். பெட்ரோல் காரை முன்பு 129 ரூபாய்க்கு வாங்கினோம். இப்போது 118 ரூபாய். பெரிய கம்பெனிகள் உடனே விலையைக் குறைத்து அறிவித்தன. விலைப் பட்டியலிலேயே அந்தக் குறைப்பு வந்துவிட்டது. தெருவில் போகிற யார் கேட்டாலும் அந்த விலைதான். அதை "நான் கொடுத்த லாபம்" என்று ஷோரூம் கணக்கில் சேர்க்க முடியாது. இளைஞர் கொடுப்பது 30 ஆயிரம் மட்டும்தான். அதுவும் நம் கைக்கு வருகிறதா என்று பிறகு பார்ப்போம்.

வரி குறைந்தும் விலையைக் குறைக்காத வியாபாரி மீது புகார் செய்ய முன்பு தனி ஏற்பாடு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அங்கே புதுப் புகார்கள் வாங்குவதில்லை. ஆகவே கணக்கை நாமே போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

வியாபாரியையும் சும்மா குறை சொல்லக் கூடாது. அவருக்கும் அன்று அடி விழுந்தது. பழைய சரக்குக்கு அவர் கட்டி வைத்திருந்த "செஸ்" பணம் முடங்கிப் போயிற்று. செஸ் எடுபட்டதால் அதைக் கழிக்க வழியில்லை. அந்தச் சுமையை வேறு எங்கேயாவது இறக்கப் பார்ப்பது மனித இயல்பு. நம் தலையில் இறக்காமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

4 மீட்டர் ரகசியம்

எந்தக் கார் "சின்னக் கார்"? சட்டம் இரண்டு அளவு சொல்கிறது. நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். என்ஜின் பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள் இருக்க வேண்டும்.

2006 மத்திய பட்ஜெட்டில்தான் இந்த அளவு வைத்து வரியைக் குறைத்தார்கள். அதன் பிறகு நம் நாட்டில் 4 மீட்டர் கார்கள் பெருகின. 2013-ல் போர்டு கம்பெனி சென்னைக்குப் பக்கத்தில் மறைமலைநகரில் செய்து விட்ட "ஈகோஸ்போர்ட்" அப்படி வந்ததுதான். பிறகு பிரெஸ்ஸா, நெக்ஸான், வென்யூ என்று வரிசையாக வந்தன. டேப்பை எடுத்து அளந்தால் பல வண்டிகள் 3,995 மில்லி மீட்டர்! அரை சென்டிமீட்டரில் வரி தப்பியது.

நீளம் மட்டும் போதாது. மாருதி பிரெஸ்ஸாவும் 3,995 மில்லி மீட்டர்தான். ஆனால் பெட்ரோல் என்ஜின் 1,462 சி.சி. அதனால் அது சின்னக் கார் கணக்கில் சேராது. அதற்கு 45 சதவீதமாக இருந்த வரி 40 ஆகியிருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு வண்டிகளில் ஒன்றுக்கு 18, ஒன்றுக்கு 40. "எல்லாக் காருக்கும் 10 சதவீதம் குறைந்தது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

10 லட்சம் என்ற கோடு

தமிழ்நாட்டில் இன்னொரு கோடு இருக்கிறது. இதைத் தெரியாமல் தாண்டினால் பணம் பறக்கும்.

2023 நவம்பரில் சாலை வரியை மாற்றினார்கள். கார் விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் ஆயுள் வரி 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம்.

நம் குடும்பம் பார்த்த வண்டி 9 லட்சத்து 90 ஆயிரம். வரி ரூ.1,28,700. "இன்னும் 20 ஆயிரம் போட்டால் மேல்கூரையில் கண்ணாடி ஜன்னல் உள்ள வண்டி கிடைக்கும் சார்" என்கிறார் இளைஞர். பிள்ளைகள் துள்ளுகிறார்கள். அதன் விலை 10 லட்சத்து 10 ஆயிரம். வரி எவ்வளவு? ரூ.1,81,800!

வரியில் மட்டும் 53,100 ரூபாய் கூடிவிட்டது. 20 ஆயிரம் ரூபாய் ஜன்னல், 73,100 ரூபாய் ஆகிவிட்டது. போதாததற்கு 10 லட்சத்தைத் தாண்டிய காருக்கு வருமான வரிக்காக 1 சதவீதம் பிடிப்பார்கள். இந்த 1 சதவீதம் போன பணம் அல்ல. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் வாங்கலாம். ஆனால் அன்றைக்குக் கையிலிருந்து கொடுக்க வேண்டும்.

எந்த ரகம் என்று முடிவு செய்யும்போதே இந்தக் கோட்டைப் பாருங்கள். மழைக்காலத்தில் ஒழுகுமோ என்று நாலு பேரைக் கேட்க வைக்கிற ஜன்னலுக்கு 73 ஆயிரமா என்பது என் சொந்த அபிப்பிராயம். பிள்ளைகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பாட்டி கேட்ட கேள்வி

அம்மாவும் பாட்டியும் சந்தையில் காய் வாங்கிப் பழகியவர்கள். கத்தரிக்காயில் எட்டணா குறைத்தவன், எடையில் கை வைப்பான் என்று தெரியும்.

"மொத்தம் எவ்வளவு என்று எழுதிக் கொடு தம்பி" என்கிறார் பாட்டி.

சீட்டு வருகிறது. அதைப் படித்துப் பார்ப்போம். (தொகைகள் உதாரணத்துக்கு.)

கார் 9,90,000. சாலை வரி 1,28,700. இன்சூரன்ஸ் 52,000. "ஆக்சஸரீஸ்" 28,000. கூடுதல் வாரண்டி 15,000. "ஹேண்ட்லிங்" 9,000. கூட்டினால் 12,22,700. தள்ளுபடி 30,000 போக 11,92,700.

இப்போது ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள்.

இன்சூரன்ஸ். இதை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வெளியே எந்தக் கம்பெனியிலும் எடுக்கலாம். புதுக் காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 3 வருஷத்துக்குக் கட்டாயம். 2018 செப்டம்பர் முதல் அப்படி. அந்தப் பகுதிக்கு சர்க்கார் விலை நிர்ணயித்திருக்கிறது. அதில் எந்தக் கம்பெனியும் குறைக்க முடியாது, கூட்டவும் முடியாது. சொந்த வண்டிக்கான சேதப் பகுதி 1 வருஷத்துக்கு எடுத்தால் போதும். பேரம் இந்தப் பகுதியில்தான். அப்பா வாசலுக்குப் போய் இன்னொரு கம்பெனிக்குப் போன் செய்கிறார். 38 ஆயிரம் என்கிறார்கள். வித்தியாசம் 14 ஆயிரம்!

ஒரு எச்சரிக்கை. விலை மலிவு என்று மட்டும் பார்க்காதீர்கள். வண்டிக்கு எவ்வளவு மதிப்பு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். புது வண்டியின் மதிப்பு, விலையில் 95 சதவீதம் இருக்க வேண்டும். அதைக் குறைத்துப் போட்டால் இன்சூரன்ஸ் மலியும். வண்டி திருடு போனால் கிடைக்கிற பணமும் குறையும்.

ஆக்சஸரீஸ். தரை விரிப்பு, சீட் உறை, ஓரத் தகடு. வேண்டுமானால் வாங்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். "கட்டாயம்" என்றால், "எந்த உத்தரவுப்படி?" என்று கேளுங்கள்.

ஹேண்ட்லிங். வண்டியைக் கழுவித் துடைத்துக் கொடுப்பதற்காம். கம்பெனி விலையிலேயே ஷோரூமுக்கு உரிய லாபம் அடங்கியிருக்கிறது. அப்படியிருக்க, கடைக்காரர் தன் கடைக்குச் சரக்கு கொண்டு வந்ததற்கு நம்மிடம் தனிக் கூலி கேட்கிறார்! ஆர்.டி.ஓ. பதிவுக் கட்டணம் வேறு, இது வேறு. பதிவுக்கு ரசீது உண்டு. இதற்கு என்ன ரசீது என்று கேட்டால் பல இடங்களில் இந்த வரி சீட்டிலிருந்து மறைந்துவிடும். நம்பர் பிளேட்டுக்கும் தனியாகக் கேட்பார்கள். 2019 ஏப்ரல் 1 முதல் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டைக் கார்க் கம்பெனியே வண்டியோடு கொடுக்க வேண்டும்.

கூட்டிப் பாருங்கள். இன்சூரன்சில் 14 ஆயிரம். ஆக்சஸரீஸ் 28 ஆயிரம். ஹேண்ட்லிங் 9 ஆயிரம். மொத்தம் 51 ஆயிரம். ஒரு கையால் 30 கொடுத்து, மறு கையால் 51 எடுத்தாயிற்று. கூடுதல் வாரண்டியை நான் சேர்க்கவில்லை. அது பிரயோஜனமான பொருள்தான். ஆனால் அன்றே எடுக்க அவசியம் இல்லை. முதல் வாரண்டி முடிவதற்குள் எப்போது வரை எடுக்கலாம் என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே "எவ்வளவு குறைப்பீர்கள்" என்று கேட்காதீர்கள். "சாவி என் கைக்கு வர மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். அதை எழுத்தில் வாங்குங்கள். அதே வண்டி, அதே ரகம், அதே நிறம். இன்னொரு ஷோரூமிலும் எழுதி வாங்குங்கள். இரண்டு சீட்டையும் மேஜையில் வைத்தால் பாதிப் பேரம் பேசாமலே முடிந்துவிடும்.

கடனில் ஒளிந்திருக்கும் பேரம்

"கடன் நாங்களே ஏற்பாடு செய்கிறோம்" என்பார்கள். செய்யட்டும். ஆனால் முதலில் உங்கள் பாங்கில் வட்டி கேட்டுவிட்டுப் போங்கள்.

8 லட்சம் கடன், 5 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். 9 சதவீத வட்டிக்கு மாதத் தவணை சுமார் ரூ.16,607. 10 சதவீதம் என்றால் சுமார் ரூ.16,998. "மாதம் 391 ரூபாய்தானே சார்!" என்று சிரிப்பார்கள். 60 மாதத்துக்குப் பெருக்கினால் சுமார் 23,500 ரூபாய்!

வட்டி, கட்டணம் எல்லாம் ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் பாங்கு உத்தரவிட்டிருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் இது அமலில் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய வண்டியைக் கொடுத்துப் புதியது வாங்குகிறவர்களுக்கும் இதே கதிதான். புது வண்டியில் குறைத்ததைப் பழைய வண்டி விலையில் பிடித்துவிடுவார்கள். இரண்டையும் தனித்தனியாகப் பேசுங்கள்.

எப்போது குறையும்?

ஷோரூம்காரர் கம்பெனியிடமிருந்து வண்டியைப் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் எடுக்கிறார். வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளும் வட்டி ஓடுகிறது. மாதத்துக்கு இத்தனை வண்டி விற்க வேண்டும் என்று கம்பெனி கணக்கும் வைத்திருக்கும். மாதக் கடைசியில் ஒரு வண்டி குறைந்தால் அவருக்குப் பரிசுப் பணம் போகும். அந்த நேரத்தில் போகிறவருக்கு அதிருஷ்டம்.

நம் ஊரில் ஆடியும் மார்கழியும் உண்டு. அந்த மாதங்களில் புது வண்டி எடுக்கப் பலர் தயங்குவார்கள். ஷோரூம் காற்று வாங்கும். அதிலும் டிசம்பர் பின்பாதியில் மார்கழியும் வருஷக் கடைசியும் சேர்ந்து வருகின்றன. விலை இறங்க இதைவிட நல்ல நேரம் இல்லை.

எல்லா வண்டிக்கும் இந்த ஜபம் பலிக்காது. புதிதாக வந்து, மூன்று மாதம் காத்திருக்கச் சொல்கிற வண்டிக்கு ஒரு பைசாவும் குறையாது. அங்கே வற்புறுத்தினால் நேரம்தான் வீண்.

நம் மதுரைக் குடும்பம் அன்று அட்வான்ஸ் கொடுக்கவில்லை. சீட்டை மடித்து அம்மாவின் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்கள். வாசல் வரை ஓடி வந்த இளைஞர், "மார்கழிக்குள் முடித்தால் இன்னும் பேசலாம் அம்மா. வண்டியைத் தையில் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

"தையில் எடுத்தால் அது எந்த வருஷத்து வண்டி?" என்று அம்மா கேட்டார்.

நல்ல கேள்வி. டிசம்பரில் தயாரான வண்டியை ஜனவரியில் பதிவு செய்தாலும், தயாரித்த வருஷம் பழையதுதான். நாளைக்கு விற்கப் போனால் வாங்குகிறவர் அதைச் சொல்லியே விலையை இறக்குவார். ஷோரூம் கொடுக்கிற விற்பனைச் சான்றிதழ் "படிவம் 21". தயாரித்த மாதமும் வருஷமும் அதில் இருக்கும். வண்டியைப் பதிவுக்கு அனுப்புவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட வேண்டும். வேறு ஏதாவது தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஆனால் ஆர்.சி.யில் ஏறிவிட்ட வருஷத்தை எந்தப் புகாராலும் புதிதாக்க முடியாது.