கல்லட்டியில் ஏறலாம், இறங்கக் கூடாது: ஏன் இந்தக் கட்டுப்பாடு?

உதகையிலிருந்து மசினகுடிக்குப் போக இரண்டு வழிகள். ஒன்று, கூடலூர் சுற்றிப் போவது. இன்னொன்று, கல்லட்டி மலைப்பாதை. தூரம் அதில் பாதிகூட இல்லை. 36 கொண்டை ஊசி வளைவுகள், வழியெல்லாம் பள்ளத்தாக்குக் காட்சி. யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால், கார்கள் பள்ளத்தில் உருண்ட பல விபத்துகளுக்குப் பிறகு, வெளியூர் வண்டிகள் இந்த வழியாக இறங்கக் கட்டுப்பாடு வந்தது. “ரோட்டைப் போட்டுட்டு போகாதேன்னா எப்படி?” என்று கோபப்படுபவர்கள் உண்டு. கட்டுப்பாடு சரியானதுதான். ஆனால், அது மட்டும் போதாது.

இறங்கும்போது என்ன ஆகிறது?

உதகை சுமார் 2,200 மீட்டர் உயரம். மசினகுடி ஏறத்தாழ 1,000 மீட்டர். ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள கார் அந்த 1,200 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். வீட்டு வாட்டர் ஹீட்டரை மூன்று மணி நேரம் ஓடவிட்ட மாதிரி.

பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், இந்தச் சூட்டில் பெரும்பகுதியை பிரேக்தான் தாங்க வேண்டும். பேட் பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உருவாகும். அப்புறம் பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. ஏறும்போது இந்தச் சிக்கல் இல்லை.

நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம்தானே?

இல்லை. இன்றைய கார்களில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜினுக்கு எரிபொருள் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓட எரிபொருள் செலவாகும். கூடவே, இன்ஜின் தரும் இழுபிடியும் போய்விடும்.

பழைய டிரைவர்கள் சொல்வது எளிது: எந்த கியரில் ஏறுவாயோ, அதே கியரில் இறங்கு. செங்குத்தான இடத்தில் முதல் அல்லது இரண்டாவது கியர். ஆட்டோமேட்டிக் என்றால் ‘எல்’ அல்லது மேனுவல் மோடு. குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள், விதியும் அதுதான்.

இன்னும் என்ன செய்யலாம்?

சமவெளியில் லைசென்ஸ் வாங்கும் பலருக்கு மலை இறக்கத்தை யாரும் சொல்லித்தருவதில்லை. கல்லட்டியை மூடினாலும் அதே டிரைவர் வால்பாறையின் 40 வளைவுகளிலும், கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் இறங்கத்தான் போகிறார்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. எத்தனை வண்டி வருகிறது என்று அது கணக்கெடுக்கிறது. அதே பாஸிலேயே, எந்த கியரில் இறங்க வேண்டும் என்று இரண்டு வரி சேர்ப்பதில் என்ன கஷ்டம்? அரசுக்குச் செலவு ஒன்றுமில்லை. ஒரு குடும்பம் பத்திரமாக ஊர் திரும்பும்.