பட்டியல் போட்ட கார்ட்டூனிஸ்ட்

ஜவ்வாது மலையில் சாமை அறுப்பு முடிந்துவிட்டால் பாதி ஊர் காலி. ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கும் திருப்பத்தூருக்கும் இறங்கும் பஸ்களில் துணிப்பையும் போர்வையுமாகக் குடும்பம் குடும்பமாக ஏறுகிறார்கள். சிலர் கர்நாடகக் காப்பித் தோட்டத்துக்கு, சிலர் கேரளாவுக்கு, சிலர் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு. திருப்பூர் போய்த் திரும்பும் பையன்கள் மலைக்குப் புதிதாக ஒரு வார்த்தையைக் கொண்டுவருகிறார்கள். "வடக்கன்". வடக்கன் வந்து கூலியைக் குறைத்துவிட்டான், வடக்கன் வந்து நம்ம வேலையைப் பிடுங்கிவிட்டான், வடக்கனை அடித்து விரட்டினால்தான் சரிப்படும்... செல்போனில் பார்க்கும் வீடியோக்களிலும் இதே பாட்டுதான்.

கோபத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கூலி உண்மைப் பிரச்சினை. ஆனால் இந்த வார்த்தையை வைத்து அரசியல் செய்தால் அது எங்கே போய் நிற்கும் என்று தெரிய வேண்டுமானால் யூகிக்கவே தேவையில்லை. ஒரு மனிதர் 46 வருடம் அதைச் செய்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவர் முதலில் விரட்டியது யாரைத் தெரியுமா? நம்மைத்தான்.

இந்த வகை அரசியலுக்கு உலகம் முழுக்க உதாரணமாகச் சொல்லப்படுபவர் பிரான்சின் ழான் மரி லெ பென். 1972இல் தேசிய முன்னணி என்ற கட்சியை ஆரம்பித்தவர், 2025 ஜனவரி 7 அன்று 96 வயதில் இறந்தார். பத்து லட்சம் பேருக்கு வேலை இல்லையா, அப்படியானால் பத்து லட்சம் வந்தேறிகள் அதிகம் என்று 1978இல் அவர் கட்சி போஸ்டர் ஒட்டியது. எவ்வளவு சுலபமான கணக்கு பாருங்கள்! நாஜிகளின் விஷவாயு அறைகள் உலகப்போர் வரலாற்றில் ஒரு சின்ன விவரம் என்று 1987இல் சொல்லிக் கோர்ட்டில் மாட்டிக்கொண்டார். 2002 ஜனாதிபதித் தேர்தலில் இரண்டாவது சுற்று வரை வந்து 17.8 சதவீத ஓட்டு வாங்கி, சிராக்கிடம் தோற்றார். கடைசியில் 2015இல் சொந்த மகளே அவரைக் கட்சியை விட்டு நீக்கினார்.

ஆனால் அந்தக் கணக்கை லெ பென்னுக்கு முன்பே, பம்பாயில் ஒருவர் போட்டுவிட்டார். பால் தாக்கரே.

1926 ஜனவரி 23இல் புனேயில் பிறந்தவர். அப்பா கேசவ் சீதாராம் தாக்கரே, "பிரபோதன்கர்" என்று அறியப்பட்டவர். சாதிக்கும் புரோகிதத்துக்கும் எதிராக எழுதிய சீர்திருத்தவாதி, சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவர். மகன் ஃப்ரீ பிரஸ் ஜர்னல் பத்திரிகையில் கார்ட்டூனிஸ்ட். அந்தப் பத்திரிகையை ஆரம்பித்தது யார் என்றால் சதானந்த் என்ற தமிழர். 1934இல் தினமணியைத் தொடங்கிய அதே சதானந்த்! அங்கே தாக்கரேயோடு வேலை பார்த்த இன்னொரு கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மண், மைசூர்த் தமிழர். ஆக, தமிழர்களோடு உட்கார்ந்து படம் போட்டவர்தான்.

1960இல் வேலையை விட்டு வெளியே வந்து, தம்பி ஸ்ரீகாந்த்துடன் "மார்மிக்" என்ற கார்ட்டூன் வாரப் பத்திரிகை ஆரம்பித்தார். அந்த வருடம்தான் மகாராஷ்டிர மாநிலம் பிறந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உயிரைக் கொடுத்து வாங்கிய மாநிலம், பம்பாய் அதன் தலைநகரம். ஆனால் 1961 கணக்கெடுப்பில் அந்த நகரத்தில் மராத்தி பேசுபவர்கள் நூற்றுக்கு 43 பேர்தான். மில்லும் கம்பெனியும் குஜராத்தி, பார்சி, மார்வாடி முதலாளிகளிடம். ஆபீஸ்களில் டைப்ரைட்டர் முன்னால் ஆங்கிலமும் சுருக்கெழுத்தும் படித்த தென்னிந்தியர்கள். மராத்திப் பையன்களின் கோபம் நியாயமானதுதான். நம் ஊரில் இப்படி இருந்தால் நமக்கும் வராதா?

இங்கேதான் தாக்கரேயின் சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். மார்மிக்கில் அவர் ஒரு பகுதி வெளியிட்டார். "வாசா ஆணி தண்ட் பசா", அதாவது படித்துவிட்டுச் சும்மா உட்கார் என்று தலைப்பு. உள்ளே என்ன? கம்பெனி கம்பெனியாக வேலை செய்பவர்களின் பெயர்ப் பட்டியல். எல்லாம் தென்னிந்தியப் பெயர்கள். டெலிபோன் டைரக்டரி மாதிரி வெறும் பெயர்கள், வேறு எதுவும் இல்லை. வாரா வாரம் அதைப் படித்தவன் கொதித்துப் போனான். அந்த ஆட்களை வேலைக்கு எடுத்த முதலாளியின் பெயர் பட்டியலில் இல்லை. குமாஸ்தாவின் பெயர்தான் இருந்தது. இத்தனைக்கும் தென்னிந்தியர் எல்லாரையும் கூட்டினாலும் நகரத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர் தேறமாட்டார்கள்.

1966 ஜூன் 19இல் சிவசேனா பிறந்தது. அந்த அக்டோபரில் சிவாஜி பார்க்கில் முதல் தசரா கூட்டம். "லுங்கி ஹட்டாவ், புங்கி பஜாவ்" என்ற கோஷம் அந்தக் காலத்தில் வந்ததுதான். நாலு முழ வேட்டிக்கும் லுங்கிக்கும் அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்பது வேறு விஷயம். தமிழன், மலையாளி, கன்னடக்காரன், துளுக்காரன் என்ற வித்தியாசமும் கிடையாது, எல்லாரும் "மதராஸி". உடுப்பி ஹோட்டல்கள் மீது கல் விழுந்தது. 1967 லோக்சபா தேர்தலில் வடகிழக்கு பம்பாயில் நின்ற கிருஷ்ண மேனனை வெளியாள் என்று சொல்லித் தோற்கடிப்பதில் சேனா முன்னணியில் நின்றது. 1969 பிப்ரவரியில் பெல்காம் எல்லைப் பிரச்சினையை வைத்து நகரமே எரிந்தது. பலர் இறந்தார்கள். தாக்கரே கைதாகி, வெளியே வரும்போது இன்னும் பெரிய தலைவராக வந்தார்.

சரி, தென்னிந்தியர்கள் ஓடிப்போனார்களா? இல்லை. தாராவியும் மாட்டுங்காவும் அப்படியேதான் இருந்தன, இருக்கின்றன. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து போன ஒரு தமிழ்ச்செல்வன் 2014இல் சயான் கோலிவாடாவில் பி.ஜே.பி. எம்.எல்.ஏ. ஆனார். 2019இல் அதே தொகுதியில், சேனாவோடு கூட்டணியில் இருந்த கட்சியின் வேட்பாளராகவே நின்று மறுபடி ஜெயித்தார்.

அப்படியானால் அந்தக் கல்லெறியால் லாபம் யாருக்கு? காங்கிரஸ் முதலமைச்சர் வசந்தராவ் நாயக் சேனாவைக் கண்டும் காணாமல் விட்டதால் அதை "வசந்த சேனா" என்றே கிண்டல் செய்தார்கள். மில் முதலாளிகளுக்குக் கம்யூனிஸ்ட் தொழிற்சங்கங்கள் தலைவலி. அதற்கு எதிராகச் சேனாவின் தொழிற்சங்கம் 1968இல் வந்தது. 1970 ஜூனில் பரேல் பகுதியின் கம்யூனிஸ்ட் எம்.எல்.ஏ. கிருஷ்ண தேசாய் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரும் மராத்திக்காரர்தான்! அந்தக் காலி இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில்தான் சேனாவின் முதல் எம்.எல்.ஏ. ஜெயித்தார்.

பிறகு 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலும் மராத்தியர்கள். மண்ணின் மைந்தர்களுக்கு வேலை என்று கட்சி நடத்துபவருக்கு இதைவிடப் பெரிய வேளை வருமா? அந்த வேலைகளைச் சேனாவால் காப்பாற்ற முடியவில்லை. வேலைநிறுத்தம் தோற்றது, மில்கள் ஒவ்வொன்றாக மூடின, அந்த நிலங்களில் ஷாப்பிங் மாலும் அடுக்குமாடியும் எழுந்தன. தாதரில் கோஹினூர் மில்லின் நிலத்தை 2005இல் 421 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்த கூட்டணியில் தாக்கரேயின் தம்பி மகன் ராஜ் தாக்கரேயின் கம்பெனியும், சேனாவின் முன்னாள் முதலமைச்சர் மனோகர் ஜோஷியின் மகன் கம்பெனியும் இருந்தன. எந்த மதராஸி குமாஸ்தாவும் அந்த மில்லை மூடவில்லை.

எதிரி தீர்ந்துபோனால் கடை படுத்துவிடும். அதனால் எதிரி மாறினான். எண்பதுகளில் மதராஸி போய் முஸ்லிம் வந்தார். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த பம்பாய்க் கலவரங்களில் 900 பேர் இறந்தார்கள். அவர்களில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள். விசாரித்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் 1998இல் கொடுத்த அறிக்கையில், தாக்கரே ஒரு தேர்ந்த படைத்தளபதி மாதிரி தன் ஆட்களை ஏவினார் என்று எழுதியது. அதற்காக அவருக்கு ஒருநாள்கூடத் தண்டனை இல்லை. 2000 ஜூலையில் கைது செய்தார்கள், காலம் கடந்த வழக்கு என்று அன்றைக்கே விடுவித்துவிட்டார்கள். அவருக்கு உறைத்த ஒரே தண்டனை வேறு வழக்கில் வந்தது. 1987 வில்லே பார்லே இடைத்தேர்தலில் மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்டதற்காக ஆறு வருடம் ஓட்டுப் போடும் உரிமையே பறிபோனது.

லெ பென் ஐந்து முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்று ஐந்து முறையும் தோற்றார். தாக்கரே எந்தத் தேர்தலிலும் நிற்கவே இல்லை. 1995இல் சேனா - பி.ஜே.பி. ஆட்சி வந்தபோது, ரிமோட் கண்ட்ரோல் தன் கையில் இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டார். பம்பாய் அந்த வருடம்தான் மும்பை ஆனது. அதே வருடம் மணிரத்னத்தின் "பம்பாய்" படம், அவர் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அந்த ஊரில் ஓடியது. கேட்டால் கருத்துச் சுதந்திரத்தில் வளர்ந்த கார்ட்டூனிஸ்ட்!

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் 2012 நவம்பரில் அவர் சவ ஊர்வலத்துக்கு லட்சக்கணக்கில் ஏன் கூடினார்கள் என்று புரியாது. சேனாவின் தெருமுனைக் கிளைக்குப் போனால் தண்ணீர்க் குழாய்க்கும் ஆஸ்பத்திரி ஆம்புலன்சுக்கும் ஆள் கிடைத்தது. பாங்குகளிலும் ஏர் இந்தியாவிலும் மராத்திப் பையன்களை எடுக்கச் சொல்லிப் போராடி, வேலை வாங்கியும் கொடுத்தார்கள். வடா பாவ் வண்டி போட உதவினார்கள். சாதி பார்க்காமல் சாதாரண ஆட்களை கார்ப்பரேட்டராகவும் எம்.எல்.ஏ.வாகவும் ஆக்கினார். யாருமே தன்னை மதிக்காத நகரத்தில் தன்னையும் ஒரு ஆளாக்கிய தலைவர் என்று அந்தப் பையன் நினைத்தான். அது பொய்யான உணர்வு இல்லை. அதற்கு விலை கொடுத்தவன் அடுத்த தெருக்காரன், அவ்வளவுதான். அவர் இறந்ததற்கு நகரம் ஏன் ஸ்தம்பிக்க வேண்டும் என்று ஃபேஸ்புக்கில் கேட்டதற்காகப் பால்கரில் இரண்டு பெண்களைக் கைது செய்தார்கள் என்பதும் அந்த இறுதிச் சடங்கின் ஒரு பகுதிதான்.

அடுத்த தலைமுறைக்கு எதிரி பீகாரி. 2008 அக்டோபரில் ரயில்வே வேலைக்குப் பரீட்சை எழுத வந்த வட இந்தியப் பையன்களை ராஜ் தாக்கரேயின் ஆட்கள் பரீட்சை மையங்களில் புகுந்து அடித்தார்கள். இதில் ஒரு வேடிக்கை. தாக்கரே குடும்பத்தின் சாதியினர் ஆதியில் மகதத்திலிருந்து, அதாவது இன்றைய பீகாரிலிருந்து, வந்தவர்கள் என்று பிரபோதன்கரே எழுதிவைத்திருக்கிறார். அதை எடுத்துக் காட்டி 2012இல் திக்விஜய் சிங் வம்புக்கு இழுத்தார். யாருடைய ஊர்க்கதையைத் தோண்டினாலும் இதுதான் கதி. ஜவ்வாது மலையின் மலையாளிகளே தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றுதானே வழிவழியாகச் சொல்கிறார்கள்? அவர்களின் பெயரைக் கேட்டுக் கேரளாக்காரர் என்று கீழ்நாட்டில் நினைப்பது தனிக்கதை.

மொழிக்காகப் போராடுவது தப்பா என்று கேட்பார்கள். தப்பே இல்லை. 2025இல் மகாராஷ்டிரப் பள்ளிகளில் இந்தியைத் திணிக்கும் உத்தரவை எதிர்த்து உத்தவும் ராஜும் ஒன்றானார்கள். உத்தரவு வாபஸ் ஆனது, ஜூலை 5இல் ஒரே மேடையில் ஏறினார்கள், மு.க. ஸ்டாலினே வரவேற்றார். அது அரசாங்கத்தோடு போட்ட சண்டை. அதே வாரம் மீரா ரோட்டில், மராத்தி பேசவில்லை என்று ஒரு கடைக்காரரை ராஜின் ஆட்கள் கன்னத்தில் அறைந்தார்கள். இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவதுதான் தாக்கரே விட்டுப்போன சொத்து. தமிழ்நாட்டில் அரசு வேலைக்கான தேர்வில் தமிழ்த்தாள் கட்டாயம் என்று 2021 டிசம்பரில் ஆணை வந்தது. யார் கன்னத்திலும் கை வைக்காமல் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குச் செய்ய முடிந்த காரியம் அது.

2023 மார்ச்சில் திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, பயந்துபோய் ரயிலேறியவர்களும் உண்டு. அவர்கள் போனதால் பனியன் கம்பெனியில் மலைக்காரனுக்கு ஒரு ரூபாய் கூலி ஏறியதா? கூலியை நிர்ணயிப்பவர் முதலாளி, ஆள் பிடித்துக்கொடுப்பவர் மேஸ்திரி. வடக்கனுக்குக் குறைத்துக் கொடுக்க முடிவதால்தான் நம் பையனுக்கும் குறைகிறது. இரண்டு பேருக்கும் ஒரே கூலி என்று கேட்டால் முதலாளிக்கு வடக்கனைத் தேடிப்போக என்ன அவசியம்? இந்தக் கேள்வியைத் திருப்பூர் போகும் பையன்களில் எத்தனை பேர் மேஸ்திரியிடம் கேட்டிருப்பார்கள்?

இன்னொன்று. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று ஆந்திர போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. கூலிக்குப் போன மலைக்காரர்களுக்கு அங்கே கிடைத்த பெயர் "தமிழ்க் கடத்தல்காரர்கள்". அவர்களை அனுப்பிய ஏஜெண்டுகளும், மரத்தை வாங்கிக் கோடி கோடியாகச் சம்பாதித்தவர்களும் அந்த 20 பேரில் இல்லை.